கற்றவர் கையிற் கோடரி

சரித்திர மாந்தர்: வூஸ்டர் பிரபு ஜோன் டிப்டொவ்ட் (1427 – 1470)

கல்வி மனிதனைப் பண்படுத்தும் என்பது நாம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லும் வார்த்தை. விடியற்காலையில் அவர்களை எழுப்பிப் புத்தகத்தின் முன் இருத்துவதும், நகை நட்டை அடைவு வைத்தாவது மேற்படிப்புக்கு அனுப்புவதும் அந்த நம்பிக்கையினாலேயாம். நம்பிக்கை தவறானதன்று. ஆயினும், கற்றவர் யாவரும் பண்பட்டவராகி விடுகின்றனரா என்று சரித்திரத்தைக் கேட்டால், அது சில வேளைகளில் நம்மைத் திடுக்கிட வைக்கும் விடையைத் தருகின்றது. அத்தகைய விடைகளுள் ஒன்று, 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோன் டிப்டொவ்ட் என்னும் பிரபுவின் வாழ்க்கை.

அவர் காலத்து ஆங்கிலப் பிரபுக்களுள் அவரளவு படித்த இன்னொருவரைக் காட்டுதல் அரிது. இலத்தீன் மொழியில் வல்லவர்; இத்தாலியப் பேரறிஞர்களின் நண்பர்; அரிய நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்; சிசரோவை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். ஆனால் நாட்டு மக்கள் அவருக்கு இட்ட பெயரோ "இங்கிலாந்தின் கசாப்புக்காரன்" என்பதாகும். அறிஞர் என்பதும் உண்மை. கசாப்புக்காரன் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு பொருந்தின? அதைத்தான் இவ்வாரம் காண்போம்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

ஜோன் டிப்டொவ்ட் 1427ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி கேம்பிரிட்ஜ் நகருக்கு அண்மையிலுள்ள கிரேட் எவர்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜோன் டிப்டொவ்ட். 1406இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபைக்குச் சபாநாயகராயிருந்தவர். சேவையினாலும் சாமர்த்தியத்தினாலும் முன்னுக்கு வந்த குடும்பம் அது. மகனை ஒக்ஸ்போர்டிலே யூனிவர்சிட்டி கல்லூரியிற் படிக்க வைத்தனர். பிரபுக்களின் பிள்ளைகள் குதிரையேற்றமும் வேட்டையும் பழகினாற் போதும் என்று பலர் எண்ணிய காலத்தில் இது சாதாரணமான காரியமன்று.

1443இல் தந்தை இறந்தார். பதினைந்து வயதுப் பையனுக்குப் பெருஞ்சொத்து வந்து சேர்ந்தது. 1449இல் அவர் மணஞ்செய்த செசிலி நெவில், வாரிக் கோமகனின் விதவை. அதே ஆண்டு இருபத்திரண்டு வயதில் வூஸ்டர் பிரபு என்ற பட்டமும் கிடைத்தது. மறு ஆண்டே அந்த மனைவி இறந்துபோனார். அவருடைய உடன்பிறந்த சகோதரரைத்தான் பிற்காலத்தவர் "அரசரை ஆக்குவோன்" என்று அழைத்தனர். அவர் பெயர் றிச்சட் நெவில், வாரிக் பிரபு. இந்த மைத்துனரின் பெயரை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்க. கதையின் முடிவில் அவர் மீண்டும் வருவார்.

1452இல், தமது இருபத்தைந்தாம் வயதில், டிப்டொவ்ட் இங்கிலாந்தின் திறைசேரி அதிபதியானார். நாடோ நிலைகுலைந்து கிடந்தது. ஆறாம் ஹென்றி அரசன் சாது, ஆளுந் திறமையற்றவன். 1453இல் பிரான்சிலிருந்த ஆங்கில நிலங்கள், கலே துறைமுகம் ஒன்று தவிர, அனைத்தும் பறிபோயின. அதே ஆண்டில் அரசனுக்குச் சித்தப்பிரமை கண்டது. லங்காஸ்டர் குலத்தவனாகிய அவனுடைய ஆட்சியை யோர்க் கோமகன் எதிர்க்கத் தொடங்கினான். 1455 மே மாதம் சென். அல்பன்ஸ் வீதிகளில் முதல் இரத்தம் சிந்திற்று. முப்பது ஆண்டுகள் நாட்டை அலைக்கழித்த "ரோசாப்பூப் போர்கள்" இவ்வாறு ஆரம்பமாயின.

புத்தகங்களின் நாட்டில்

போர் மூளும் வேளையில் டிப்டொவ்ட் நாட்டிலிருக்கவில்லை. 1458இல் வெனிஸ் நகரிலிருந்து கப்பலேறி ஜெருசலேமுக்கு யாத்திரை சென்றார். திரும்பியதும் இங்கிலாந்துக்குப் போகாமல் இத்தாலியிலேயே தங்கிவிட்டார். பழைய உரோமர், கிரேக்கர் நூல்கள் தூசி தட்டி எடுக்கப்பட்டுப் புத்துயிர் பெற்ற காலம் அது. கல்வியார்வம் கொண்ட எவனுக்கும் இத்தாலி அன்று ஒரு சுவர்க்கம்.

பாதுவாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். வயது முப்பதைக் கடந்தவர், நாட்டின் திறைசேரியை ஆண்டவர், மாணவர்களோடு மாணவராய் அமர்ந்தார். பெராரா நகரில் குவாரினோ என்னும் புகழ்பெற்ற ஆசிரியரைச் சூழ்ந்திருந்த அறிஞர் கூட்டத்தோடு பழகினார். ஜோன் பிரீ என்னும் ஏழை ஆங்கில அறிஞரை ஆதரித்தார். அன்னார் தமது மொழிபெயர்ப்பொன்றை இவருக்கே சமர்ப்பணஞ் செய்தார். பாப்பரசர் இரண்டாம் பயஸ் முன்னிலையில் டிப்டொவ்ட் இலத்தீனில் ஆற்றிய உரையின் அழகைக் கேட்டுப் பாப்பரசரே கண்ணீர் விட்டார் என்றும் அக்காலத்துச் செய்தி ஒன்றுண்டு.

புளோரன்ஸ் நகரில் வெஸ்பாசியானோ என்னும் புத்தக வணிகர் இருந்தார். அச்சுக்கலை அப்போது இத்தாலிக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு நூலும் கையால் எழுதப்பட வேண்டும். ஒரு நல்ல பிரதியின் விலையைச் சாதாரண மனிதர் நினைத்தும் பார்க்க இயலாது. வெஸ்பாசியானோ எழுத்தாளர் பலரை அமர்த்தி மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் நூல் தயாரித்துக் கொடுத்தவர். தம்மிடம் வந்தோரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதி வைத்தவர். வூஸ்டர் பிரபுவின் வாழ்க்கையையும் அவர் எழுதியிருக்கிறார். பரிவாரமின்றி, வழிகாட்டியின்றி, தன்னந்தனியே நகரின் தெருக்களைச் சுற்றிப் பார்த்த பிரபு அவர். கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து வந்த ஆர்கிரோப்புலோஸ் என்னும் கிரேக்க அறிஞரின் வகுப்பிற்குச் சென்று அமைதியாக அமர்ந்து கேட்டவர். நூல்களை வாங்கிக் குவித்தவர். ஒக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற்கு நூல்கள் அளிப்பதாகவும் வாக்களித்தார்.

இவரைப் பற்றிய குறிப்பு இத்துடன் முடிந்திருந்தால், ஆங்கிலக் கல்வியின் புரவலர் என்று மட்டுமே இன்று நாம் அவரை வணங்கியிருப்போம்.

கொன்ஸ்டபிள் பதவி

1461 மார்ச் மாதம் டவுட்டன் போர்க்களத்தில் யோர்க் கட்சி வென்றது. யோர்க் கோமகனின் மகன் நான்காம் எட்வேட் அரியணை ஏறினான். அவ்வாண்டிலேயே டிப்டொவ்ட் தாயகம் திரும்பினார். 1462 பெப்ரவரியில் புதிய அரசன் அவரை இங்கிலாந்தின் கொன்ஸ்டபிளாக நியமித்தான்.

கொன்ஸ்டபிள் என்றதும் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரை நினைத்துவிடலாகாது. இது நாட்டின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்று. போர்க்காலக் குற்றங்களையும் இராசத்துரோக வழக்குகளையும் விசாரிக்கும் நீதிமன்றம் அவர் கையிலிருந்தது. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி குற்றஞ்சாட்டப்பட்டவனைப் பன்னிரண்டு யூரிமார் தீர்க்க வேண்டும். பிரபுவாயின் பிரபுக்களே தீர்க்க வேண்டும். கொன்ஸ்டபிளின் நீதிமன்றத்தில் யூரிமார் இல்லை. அது உரோமச் சட்ட மரபைப் பின்பற்றியது. நீதிபதி தாமே விசாரிப்பார், தாமே தீர்ப்பளிப்பார், தீர்ப்பு உடனே நிறைவேறும்.

பதவியேற்ற மாதத்திலேயே வழக்கு வந்தது. ஒக்ஸ்போர்ட் பிரபு ஜோன் டி வேரும் அவருடைய மூத்த மகன் ஓப்ரியும், பதவியிழந்த ஹென்றி அரசனின் கட்சியோடு கூடிச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. அந்த மாதம் முடியுமுன் தந்தை, மகன் இருவர் தலையும் லண்டன் கோபுரக் குன்றில் உருண்டன. அவர்களோடு கூடியிருந்தோரும் தப்பவில்லை. "பாதுவாவின் சட்டத்தை இங்கே கொண்டுவந்து விட்டான்" என்று ஜனங்கள் முணுமுணுத்தனர்.

இந்த முணுமுணுப்பு முற்றும் நியாயமானதன்று. அந்த நீதிமன்றத்தின் முறை டிப்டொவ்ட் பாதுவாவுக்குப் போகுமுன்னரே இருந்தது. ஆனால் மக்கள் உணர்ந்ததில் ஓர் உண்மை உண்டு. பழைய வாள் உறையிற் கிடந்தது. படித்த கை அதை உருவித் தீட்டியது. முந்திய கொன்ஸ்டபிள்மாரிடம் இருந்த தயக்கமும் தாமதமும் இவரிடமில்லை. சட்டம் தெரிந்தவர், ஆகவே எதற்கும் தடுமாறவில்லை.

ஒழுங்கில் அவருக்கிருந்த மோகத்திற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1466இல் அரசன் கட்டளைப்படி ஈட்டிப் போட்டிகளுக்கு விதிகள் வகுத்தார். ஈட்டியை எவ்வாறு முறித்தாற் பரிசு, எவ்வாறு முறித்தாற் பரிசில்லை என்று நுணுக்கமாக எழுதினார். எதிரியின் குதிரையை அடித்தவனுக்குப் பரிசு கிடையாது என்பதும் அவற்றுள் ஒன்று. விளையாட்டில் வாயில்லாப் பிராணிக்கு இரங்கிய சட்டம், அரசியலில் மனிதனுக்கு இரங்க மறுத்தது.

அயர்லாந்தும் சௌதாம்ப்டனும்

1467இல் அரசன் அவரை அயர்லாந்தின் பிரதி ஆளுநராக அனுப்பினான். அங்கு அதுவரை அப்பதவியிலிருந்தவர் டெஸ்மண்ட் பிரபு தோமஸ் பிட்ஸ்ஜெரால்ட். அவர் யோர்க் கட்சியின் எதிரியல்லர், நெடுநாள் ஆதரவாளர். 1468 பெப்ரவரியில் ட்ரொஹெடா நகரிற் கூடிய பாராளுமன்றத்தில் அவர்மீது இராசத்துரோகம் சாட்டப்பட்டது. ஐரிஷ் மக்களோடு உறவு பூண்டார், அவர்களுக்குக் குதிரைகளும் ஆயுதங்களும் கொடுத்தார் என்பன குற்றங்கள். அந்நாட்டில் வேரூன்றிய ஆங்கிலப் பிரபுக்கள் பலரும் அயலவரோடு அவ்வாறுதான் வாழ்ந்து வந்தனர். பழைய சட்டம் அதைத் தடுத்தது. வழக்கம் அதை அனுமதித்தது. டிப்டொவ்ட் சட்டத்தைப் பார்த்தார், வழக்கத்தைப் பார்க்கவில்லை. டெஸ்மண்டின் தலை விழுந்தது. அயர்லாந்து அடங்கவில்லை. டெஸ்மண்டின் சுற்றத்தார் கிளர்ந்தெழுந்து நாட்டைச் சூறையாடினர். அக்குடும்பத்தின் மனக்கசப்பு தலைமுறைகள் தாண்டியும் ஆறவில்லை.

1470இல் அரசியல் மீண்டும் தலைகீழாயிற்று. எட்வேட்டை அரியணையில் ஏற்றிய வாரிக் பிரபுவே அவனைப் பகைத்துக் கலே நோக்கி ஓடினார். சௌதாம்ப்டன் துறைமுகத்திலிருந்த கப்பலைக் கைப்பற்ற முயன்ற அவருடைய ஆட்கள் பலர் பிடிபட்டனர். அரசன் அங்கு வந்து, அவர்களை விசாரிக்கும்படி டிப்டொவ்டைப் பணித்தான். இருபது பேருக்கு மரணதண்டனை. தூக்கிலிட்டு, உடல்களைச் சிதைத்ததோடு அமையாமல், அந்த உடல்களைக் கழுவிலேற்றிக் காட்சிக்கு வைக்கவும் செய்தார்.

அக்கால இங்கிலாந்து மென்மையான நாடன்று. துரோகியின் உடலைத் துண்டாடுவதை மக்கள் கண்டு பழகியிருந்தனர். அவர்களே இதைக் கண்டு அருவருத்தனர். இறந்த உடலைக் கழுவிலேற்றும் வழக்கம் இங்கிலாந்திற் கேள்விப்படாதது. அன்று முதல் வூஸ்டர் பிரபுவை நாட்டு மக்கள் பெரிதும் வெறுத்தனர் என்று வார்க்வேர்த் என்பவர் பெயரால் வழங்கும் சரித்திர ஏடு கூறுகிறது. கட்டளையிட்டது அரசன், வெறுப்பைச் சுமந்தது அவனுடைய ஊழியர்.

முடிவு

அந்த வெறுப்பு பலிக்க ஆறு மாதமும் செல்லவில்லை. 1470 செப்டெம்பரில் வாரிக் பெரும்படையோடு திரும்பி வந்தார். எட்வேட் அரசன் ஒக்டோபர் முதல் வாரத்திற் கடல் கடந்து ஓடினான். கோபுரச் சிறையிலிருந்த ஹென்றி அரசன் மீண்டும் அரியணையில் இருத்தப்பட்டான். டிப்டொவ்ட் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார். ஹண்டிங்டன் பகுதியிலுள்ள ஒரு காட்டில், உயர்ந்த மரமொன்றின் உச்சியிற் பதுங்கியிருந்தவரைத் தேடிப் பிடித்தனர். வெனிஸிலும் புளோரன்சிலும் அறிஞர்கள் எழுந்து வரவேற்ற மனிதர், மரக்கிளையிலிருந்து இறக்கப்பட்டார்.

அவரை விசாரிக்கப் புதிய கொன்ஸ்டபிள் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் பெயர் ஜோன் டி வேர், ஒக்ஸ்போர்ட் பிரபு. எட்டு ஆண்டுகளுக்கு முன் டிப்டொவ்டின் தீர்ப்பால் தந்தையையும் தமையனையும் பறிகொடுத்தவர். அதே நீதிமன்றம், அதே விரைவு. டிப்டொவ்ட் தீட்டிய வாளே அவர் கழுத்துக்கு வந்தது.

ஒக்டோபர் 17ஆம் திகதி அவரைக் கொலைக்களத்துக்கு நடத்திச் சென்றனர். வழியெங்கும் கூட்டம். அவரைப் பார்க்கவும் தூற்றவும் நகரமே திரண்டதால், அன்று கோபுரக் குன்றை அடைய முடியவில்லை. இரவு பிளீட் சிறையில் வைத்து, மறுநாள் 18ஆம் திகதி கொண்டு சென்றனர். இதெல்லாம் அவர் கொடுமைக்கு வந்த பலன் என்று உடனிருந்த இத்தாலியத் துறவி ஒருவர் சொன்னதாகவும், அரசின் நன்மைக்காகவே செய்தேன் என்று அவர் விடையிறுத்ததாகவும் கூறுவர். பின்பு, திரித்துவத்தின் பெயரால் மூன்று வெட்டுகளில் தலையை நீக்கும்படி கொலைஞனைக் கேட்டுக்கொண்டார். வயது நாற்பத்து மூன்று. ஒரு வயதே நிரம்பிய மகன் எட்வேட் வாரிசாக மிஞ்சினான். அவனும் 1485இற் பிள்ளையின்றி இறக்க, அந்தப் பிரபுப் பட்டம் அவ்வம்சத்தில் அற்றுப்போயிற்று.

அவரைக் கொன்ற மைத்துனர் வாரிக்கும் நெடுநாள் வாழவில்லை. 1471 ஏப்ரலில் பார்னெட் போர்க்களத்தில் மாண்டார்.

எஞ்சிய நூல்

வில்லியம் கக்ஸ்டன் இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் நிறுவியவர். 1481இல், டிப்டொவ்ட் இறந்து பதினோராண்டுகளுக்குப் பின், அவர் ஒரு தொகுதியை அச்சிட்டார். அதிலுள்ள இரு நூல்கள் வூஸ்டர் பிரபுவின் மொழிபெயர்ப்புகள். அவற்றின் பொருளைக் கேட்டால் நம் வியப்பு இரட்டிக்கும்.

ஒன்று சிசரோவின் "நட்பு". அதிலே ஒரு சம்பவம் வருகிறது. உரோமில் கிளர்ச்சி செய்து கொல்லப்பட்ட திபேரியுஸ் கிராக்குஸ் என்பவனின் நண்பன் புளோசியுஸ், மன்னிப்பு வேண்டி வருகிறான். நண்பன் எதைக் கேட்டாலும் செய்திருப்பேன் என்கிறான். நகரின் தலைமைக் கோயிலைக் கொளுத்தச் சொன்னால்? அவன் அப்படிச் சொல்லமாட்டான். சொல்லியிருந்தாற் செய்திருப்பேன் என்பது விடை. இது நட்பல்ல, அக்கிரமத்துக்குச் சாட்டு என்று சிசரோ காட்டுகிறார். தகாததைக் கேட்கவும் கூடாது, கேட்டாற் செய்யவும் கூடாது என்பதே நட்பின் சட்டம் என்கிறார். இந்த வரிகளை டிப்டொவ்ட் வாசித்ததோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லாய் எடைபோட்டுத் தம் தாய்மொழியில் எழுதினார். அரசன் கேட்டதையெல்லாம் செய்து முடித்தவரும் அவரே.

மற்றது இத்தாலிய அறிஞர் புவொனாக்கொர்சோ எழுதிய "மேன்மை" பற்றிய வாதம். உரோமக் கன்னி ஒருத்தியின் கையை வேண்டி இருவர் நிற்கின்றனர். ஒருவன் பழங்குடிச் செல்வன். மற்றவன் எளிய குடியிற் பிறந்த ஒழுக்கசீலன். குலமும் பொருளும் மேன்மை என்று ஒருவனும், கல்வியும் நற்செய்கையுமே மேன்மை என்று மற்றவனும் வாதிக்கின்றனர். இந்த மொழிபெயர்ப்பைத் தழுவியே ஹென்றி மெட்வால் என்பவர் அந்நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாடகம் எழுதினார். சமயக் கதையல்லாத ஆங்கில நாடகங்களுள் இன்று முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழையது அதுவே. ஆங்கில நாடக இலக்கியத்தின் ஆரம்பப் படிகளில் ஒன்று இவ்வாறு ஒரு "கசாப்புக்காரன்" போட்ட படியாயிற்று.

கக்ஸ்டன் தமது முடிவுரையில் இவரைக் கல்வியிலும் ஒழுக்கத்திலும் ஒப்பற்றவரென்று புகழ்ந்து, அவர் மறைவுக்கு மனம் உருகி வருந்துகிறார். வார்க்வேர்த் ஏடு மக்களின் வெறுப்பை மறைக்கவில்லை. இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நூலகத்துக் கதவால் அவரைப் பார்த்தார். மற்றவர் சௌதாம்ப்டன் கழுமரத்தடியில் நின்று பார்த்தார்.

நாம் அறிவது

அப்படியானால் அவர் கற்ற கல்வி போலியா? அன்று. பணத்தைக் காட்ட நூல் வாங்கி அடுக்கியவரல்லர் அவர். முப்பது வயதுக்குமேல் மாணவர் வாங்கில் அமர்ந்தவர் படிப்பை நேசித்தவரேயாவர். ஆகையால், சரியாகப் படித்திருந்தால் நல்லவராயிருப்பார் என்று சொல்லி நாம் எளிதில் தப்பிக்கொள்ள முடியாது.

குறை வேறிடத்தில் இருந்தது. யூரிமார் இல்லாத ஆசனத்தில் அவரை இருத்தினர். "பிரபுவே, இது தகாது" என்று சொல்லும் உரிமை அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை. எதற்கும் மறுமொழி சொல்லவேண்டாத அதிகாரம் மூடனிடம் இருந்தால் அவன் தடுமாறி ஓரளவோடு நின்றுவிடவும் கூடும். கற்றவனிடம் இருந்தாலோ, அவன் தன் ஒவ்வொரு செயலுக்கும் அழகான நியாயம் கண்டுபிடித்து விடுவான். "அரசின் நன்மைக்காக" என்ற இரண்டு சொற்கள் போதும்; மனச்சாட்சியின் வாய் அடைபட்டுவிடும். டிப்டொவ்டுக்கு அந்த இரண்டு சொற்கள் மரணமேடை வரை துணையிருந்தன.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அவரைத் தண்டித்தோர் அந்த நீதிமன்றத்தைக் கலைக்கவில்லை. தம் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். கொடியவரை மாற்றினர், கொடிய கருவியை மாற்றவில்லை. அதனால் சாவுகள் மட்டும் தொடர்ந்தன.

மாணவ நண்பர்களே, படியுங்கள். டிப்டொவ்டைப் போல ஊர் தாண்டி, கடல் தாண்டி, வயது தாண்டியும் படியுங்கள். ஆனால் படித்த வாக்கியம் ஒன்று, நீங்கள் செய்யப்போகும் காரியத்தை எதிர்த்து நிற்கும் நாள் உங்கள் வாழ்விலும் வரும். அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் கேட்டதற்காக, கட்சி கேட்டதற்காக, நெருங்கிய நண்பன் கேட்டதற்காக ஒரு தகாத கடதாசியிற் கையெழுத்திட வேண்டிய வேளையாக அது இருக்கலாம். அப்போது புத்தகத்தை மூடிவிட்டுப் பேனாவை எடுக்கிறீர்களா, பேனாவை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறீர்களா என்பதிலேதான் நீங்கள் கற்ற கல்வியின் பயன் இருக்கிறது.